பதில் சொல்லாத மெஷின்கள்

லேப் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளுக்கு அப்டேட் வந்தால், அதை எல்லா மெஷின்களுக்கும் அனுப்பிவிட்டு, அவற்றின் நிலையைக் காட்டும் கன்சோலைப் பார்த்தால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பச்சையாக இருக்கும். மேலிடத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட்டுக்கு அது போதும். என் வேலை அந்தப் பச்சைக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மிச்சமிருப்பது எந்தெந்த மெஷின், எந்த லேபில் எந்த வரிசையில் இருக்கிறது, ஏன் பதில் சொல்லவில்லை என்று தேடிப் போக வேண்டும். இந்தத் தேடலைத்தான் நான் அப்டேட் என்று சொல்வேன்.

நான் பார்த்துக்கொள்வது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்களை. இருநூறு சொச்சம் மெஷின்கள். ஒரே இடத்திலிருந்து கவனிக்க மூன்று மென்பொருள்கள் ஓடுகின்றன. வகுப்பு நடக்கும்போது மாணவர்களின் திரையை ஆசிரியர் பார்க்கவும், தேவைப்பட்டால் பூட்டவும் வேயான். நெட்வொர்க் ஸ்விட்ச், சர்வர், யூபிஎஸ் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ராப்பகலாகக் கவனிக்க ஸாபிக்ஸ். விண்டோஸ் அப்டேட்டுகளை ஒரே தடவை இறக்கி, உள்ளுக்குள்ளேயே எல்லா மெஷினுக்கும் பங்கிட்டுக் கொடுக்க மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். முதல் இரண்டும் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸுக்குக் காசு கேட்டு ஃபைல் போட வேண்டாம்.

இந்த மாதிரி மென்பொருள்களுக்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி சர்வரில் உட்கார்ந்து உத்தரவு போடும். இன்னொரு பாதி ஒவ்வொரு மெஷினிலும் ஏஜென்டாகவோ சர்வீஸாகவோ பின்னணியில் ஓடும். விண்டோஸில் இவை பெரும்பாலும் ‘சிஸ்டம்’ என்ற கணக்கில் ஓடுகின்றன. அந்தக் கணக்கு மெஷினுக்குள் செய்ய முடியாதது என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆக, கன்சோல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் மொத்தக் கட்டடத்தின் கொத்துச்சாவியும் இருக்கிறது. பிரவுசரையோ ஆஃபீஸையோ அப்டேட் செய்வது போல இதைச் செய்ய முடியாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இது வெறும் பயம் இல்லை. 2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறைக்கு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரெவில் என்ற கும்பல் உள்ளே புகுந்தது. நேரடியாக அடிபட்ட வாடிக்கையாளர்கள் அறுபதுக்கும் குறைவு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மற்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். அதனால் அவர்கள் வழியாக 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக்கடைத் தொடர், பில் போடும் மெஷின்கள் வேலை செய்யாமல் சுமார் 800 கடைகளை மூடியது. அந்த ஓட்டைகள் பற்றி நெதர்லாந்தைச் சேர்ந்த தன்னார்வ ஆய்வாளர்கள் முன்பே கசேயாவுக்குச் சொல்லியிருந்தார்கள், திருத்தம் தயாராகிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் கும்பல் முந்திக்கொண்டது.

மிகச் சமீபத்தில், 2025 அக்டோபரில், எங்கள் லேபிலும் ஓடுகிற டபிள்யூ.எஸ்.யூ.எஸ்ஸிலேயே ஓர் ஓட்டை வெளியே வந்தது. அபாய அளவு 10க்கு 9.8. யூசர் பெயரோ பாஸ்வேர்டோ இல்லாமல் அந்த சர்வரில் எதை வேண்டுமானாலும் ஓட்ட முடியும். வழக்கமான மாதாந்திர அப்டேட்டில் வந்த திருத்தம் முழுமையாக இல்லாததால், அதே மாதம் 23ஆம் தேதி அவசர அப்டேட் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மற்ற மெஷின்களின் ஓட்டைகளை அடைப்பதற்காக வைத்திருக்கும் சர்வருக்கே ஓட்டை. அதை அன்றே அடைத்தாக வேண்டும். பரீட்சையோ விடுமுறையோ, இதில் தயங்க இடமே கிடையாது என்பது என் கட்சி.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் வந்த அன்றே போட்டுவிடலாமா?

2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஏஜென்டுக்கு ஒரு சின்ன உள்ளடக்க ஃபைலை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9:39. ஃபைல் இருபத்தொரு உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மெஷினில் இருந்த நிரல் இருபதைத்தான் கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் விண்டோஸே விழுந்தது. 10:57க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மொத்தம் 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் மெஷின்கள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான பரிகாரம் இன்னும் கொடுமை: பெரும்பாலான மெஷின்களில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு ஃபைலைத் தேடி அழிக்க வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணையும் தட்ட வேண்டும். அந்த எண்களை வைத்திருந்த சர்வரே விழுந்து கிடந்த இடங்களில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் புரியும்.

அந்த ஃபைல் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் போனதுதான் என்னை உறுத்தியது. முதலில் ஆயிரம் மெஷினுக்கு அனுப்பி ஒரு மணி நேரம் காத்திருந்தால் அந்த ஆயிரத்தோடு நின்றிருக்கும்.

அதனால் சர்வர் பாதியையும் ஏஜென்ட் பாதியையும் நான் இரண்டு வேகத்தில் நடத்துகிறேன். சர்வர் ஒன்றுதான். பேக்கப் எடுத்துவிட்டு அதை உடனே புதுப்பிக்கலாம். ஏஜென்டுகள் இருநூறு. அவற்றைப் படிப்படியாகத்தான் தொடுவேன். மென்பொருளும் பல சமயம் இந்த வரிசையையே கேட்கிறது. ஸாபிக்ஸில் பழைய ஏஜென்ட் புதிய சர்வரோடு பேசும், பல தலைமுறை பழசாக இருந்தாலும் பேசும். புதிய ஏஜென்டைப் பழைய சர்வரோடு சேர்ப்பதற்கு ஸாபிக்ஸ் நிறுவனம் பொறுப்பேற்பதில்லை. தவிர, புதிய பெரிய பதிப்பின் சர்வரை முதல் தடவை ஓட விட்டதுமே அது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றிவிடும். திரும்பிப் போக வழி கிடையாது, முன்பே எடுத்து வைத்த பேக்கப் ஒன்றுதான் வழி. டேட்டாபேஸ் பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சர்வரில் கை வைப்பேன்.

ஏஜென்டுகளுக்கு வரிசை இப்படி: முதலில் என் மேஜையில் இருக்கும் மெஷின். அடுத்து ஒவ்வொரு லேபிலும் கடைசி வரிசையில் ஒன்று. லேபுக்கு லேப் மதர்போர்டும் நெட்வொர்க் கார்டும் வேறு வேறு என்பதால் ஒரே லேபிலிருந்து ஐந்தாறு எடுப்பதைவிட இது உபயோகம். இரண்டு நாள் வகுப்பு நடக்கட்டும். அப்புறம் ஒரு முழு லேப். அதற்கு அப்புறம் மீதி. பல மெஷின்களுக்கு ஒரே இடத்திலிருந்து உத்தரவு அனுப்பும் அன்சிபிள் என்ற கருவியை வைத்து நடத்தினால் ‘சீரியல்’ என்ற ஒரே வரியில் இதை எழுதிவிடலாம்: முதலில் ஒன்று, பிறகு ஐந்து, பிறகு இருபது சதவீதம். வேயானைப் பொறுத்தவரை ஆசிரியர் மெஷினும் அந்த லேபின் மாணவர் மெஷின்களும் ஒரே பதிப்பில் இருக்கும்படி லேப் லேபாக முடிப்பேன். மாணவர் மெஷின்கள் ஆசிரியர் மெஷினை அடையாளம் கண்டு நம்புவது டிஜிட்டல் சாவிகளை வைத்து: ஆசிரியர் மெஷினில்தான் ரகசியச் சாவி இருக்கிறது, மாணவர் மெஷின்களில் அதற்கு ஜோடியான பொதுச்சாவி. அப்டேட்டோடு சாவியையும் மாற்ற ஆரம்பித்தால் எது எதனால் உடைந்தது என்று தெரியாமல் போகும். அதனால் அது தனி நாள், தனி வேலை.

பிராக்டிகல் தேர்வு வாரத்தில் ஏஜென்டுகளைத் தொடுவதில்லை. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து உட்கார்ந்த பிறகு ஒரு மெஷின் ‘ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் நிமிடங்களை யார் திருப்பித் தருவது?

சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விஷயத்தில் மட்டும் படிப்படியாகப் போகிற இந்த முறை காப்பாற்றியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் ஓரியான் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே, 2020 மார்ச்சிலிருந்து ஜூன் வரை, உளவு நிரல் கலந்து வந்தது. நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையெழுத்தோடு வந்ததால் எந்தச் சோதனையிலும் சரியென்றே காட்டும். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். டிசம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. மெஷினுக்குள் வந்த பிறகு இரண்டு வாரம் வரை அது எதுவுமே செய்யாமல் கிடக்கும். என்னுடைய இரண்டு நாள் காத்திருப்பு அதன் முன் ஒன்றுமே இல்லை. ஆனால் அது விழித்த பிறகு வெளியே ஒரு முகவரியைத் தொடர்புகொண்டால்தான் அடுத்த உத்தரவு கிடைக்கும். அதைப் படித்த பிறகு நிர்வாக சர்வர்களுக்கு இன்டர்நெட்டை அடைத்துவிட்டு, தேவையான சில முகவரிகளை மட்டும் ஃபயர்வாலில் திறந்து வைத்தேன். மென்பொருளில் எதுவும் மாற்றத் தேவையில்லாத, செலவில்லாத காரியம் இது. எல்லாரும் செய்யலாம்.

இனி, பதில் சொல்லாத மெஷின்கள்.

பெரும்பான்மைக்குக் காரணம் சாதாரணமானது, மெஷின் ஆஃபில் இருக்கிறது. இதற்கு வேக்-ஆன்-லேன் என்று ஒன்று உண்டு. அணைந்திருக்கும் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து பார்த்தால் நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அங்கே இருக்கும் நெட்வொர்க் கார்டு மட்டும் தூங்காமல், கேபிள் வழியாக வரும் ஒரு சின்னத் தகவல் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கிறது. பாக்கெட்டின் அமைப்பு அழகானது: ஆறு பைட் முழுக்க ஒன்றுகள், பிறகு அந்தக் கார்டின் ஆறு பைட் மேக் முகவரி பதினாறு தடவை. மொத்தம் 102 பைட். தன் முகவரியைப் பதினாறு முறை கேட்டதும் கார்டு மெஷினை எழுப்பும். இது வேலை செய்ய, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அனுமதி வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பல மெஷின்களில் இதற்குக் குறுக்கே நிற்கும், அதை அணைத்துவிடுவது நல்லது. பாக்கெட் பொதுவாக ஒரு விலானை, அதாவது நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியை, தாண்டாது என்பதால் அந்தந்த லேபின் ஆசிரியர் மெஷினிலிருந்து வேயானின் பவர் ஆன் வழியாக அனுப்புகிறேன்.

ஆனால் அந்தச் சின்ன விளக்கு எரியவே கரண்ட் வேண்டும் அல்லவா? எங்கள் லேப்களில் சாயங்காலம் மெயினையே அணைத்துவிடுவார்கள். ஒரு நாள் வாட்ச்மேனிடம் கேட்டேன். “மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் சாவிய ஆபீஸ்ல குடுக்கோணும்னு சொல்லிருக்காங்க சார். ராத்திரி ஷார்ட் சர்க்யூட் ஆச்சுன்னா யாருங்க பாக்கறது?” என்றார். அவர் சொன்னது முழு நியாயம். “நீங்க ஒரு வார்த்த முன்னாடியே சொல்லீட்டீங்கன்னா அன்னிக்கு உட்டர்றனுங்க” என்றும் சொன்னார். இப்போது அப்டேட் இரவுகளில் அந்த லேபின் மெயின் ஸ்விட்ச் மேல் ஓர் அட்டை தொங்கும்: ‘இன்று இரவு அணைக்க வேண்டாம்’, கீழே தேதி, என் போன் நம்பர், எலக்ட்ரீஷியன் கையெழுத்து. என் மொத்த ஏற்பாட்டிலும் அதிகம் நம்பிக்கைக்குரிய பகுதி அந்த அட்டைதான். எந்த மென்பொருளின் கையேட்டிலும் அது கிடையாது.

கரண்ட் இல்லாத மெஷினைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் ஒரு கணக்கு மென்பொருள் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற நாசகார நிரல், கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் டொமைன் கன்ட்ரோலர்களை, அதாவது யூசர் கணக்குகளையும் லாகினையும் நிர்வகிக்கும் சர்வர்களை, உலகெங்கும் அழித்தது. ஒன்றே ஒன்று மிஞ்சியது. கானாவில் கரண்ட் போனதால் அந்த நேரத்தில் அது நெட்வொர்க்கில் இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் மீதியை எழுப்பினார்கள். பத்து நாளில் 4,000 சர்வர்களும் 45,000 கம்ப்யூட்டர்களும் புதிதாக நிறுவப்பட்டன. அதற்குப் பிறகு எங்கள் பேக்கப் டிஸ்க் ஒன்று எப்போதும் கேபிள் செருகாமல் அலமாரியில் இருக்கிறது.

இரண்டாவது வகை, பதில் சொல்லிவிட்டு மறந்துவிடும் மெஷின்கள். கல்லூரி லேப்களில் டீப் ஃப்ரீஸ் போட்டிருப்பது சகஜம். மாணவர் எதை அழித்தாலும் எதை நிறுவினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். லேபுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அப்டேட்டையும் அது மாணவர் செய்த குறும்பாகத்தான் பார்க்கும். இன்று பச்சை, நாளைக் காலை பழைய பதிப்பு. மூலையில் இருக்கும் பனிக்கரடி ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி மின்னும்படி உறைநிலையை நீக்கி, அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் செய்து பார்த்து, மறுபடி உறைய வைத்து, இன்னொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி ரீஸ்டார்ட்டை விட்டுவிடக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. டொமைனில் இருக்கும் விண்டோஸ் மெஷின் தன் சொந்தப் பாஸ்வேர்டை வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். உறைந்த மெஷின் மாற்றிவிட்டு, ரீஸ்டார்ட்டில் பழையதற்குத் திரும்பினால், சர்வர் ஒன்றை நினைவில் வைத்திருக்கும், மெஷின் இன்னொன்றை. ‘நம்பிக்கை உறவு முறிந்தது’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து யாரும் லாகின் செய்ய முடியாது. டீப் ஃப்ரீஸிலேயே இதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது, தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒன்றாகத் தெரியும் பல மெஷின்கள். ஒரு மெஷினைத் தயார் செய்து அதன் டிஸ்க்கை அப்படியே இமேஜாக நகல் எடுத்து முப்பது மெஷினுக்குக் குளோன் செய்வதுதான் எல்லா லேபிலும் நடக்கிறது. டபிள்யூ.எஸ்.யூ.எஸ்ஸுக்குத் தன்னைக் காட்ட ஒவ்வொரு மெஷினும் ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். அந்த எண்ணோடு குளோன் செய்தால் முப்பதுக்கும் ஒரே எண். கன்சோலில் ஒரு வரிதான் இருக்கும், அதன் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும். பட்டியல் நூறு சதவீதம் பச்சை, ஆனால் பட்டியலில் லேபே இல்லை. இமேஜ் எடுப்பதற்கு முன்பு அந்த எண்ணை அழிப்பதும், மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டுவதும்தான் மருந்து. கன்சோலின் எண்ணிக்கையை நான் எப்போதும் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிடுகிறேன். ரிஜிஸ்டரில் அறுபது, கன்சோலில் முப்பத்தொன்று என்றால் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம்.

நான்காவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. மெஷின் ஓடுகிறது, நெட்வொர்க் இருக்கிறது, பிங் செய்தால் பதில் வருகிறது, ஏஜென்ட் மட்டும் சர்வரோடு பேச மறுக்கிறது. கோடை விடுமுறை முடிந்து லேப் திறந்த வாரத்தில் இப்படி வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர் 2032 பேட்டரி, மெயின் அணைந்திருக்கும் நேரமெல்லாம் கடிகாரத்தை ஓட்டுகிறது. அது தீர்ந்திருந்தால் மெஷின் பல வருடம் பின்னால் விழித்துக்கொள்ளும். சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே ஏஜென்ட் அதை நம்பாது. டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பெரோஸோ ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. லாக் ஃபைலில் சான்றிதழ் பிழை என்று இருக்கும், மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவினாலும் தீராது. தீர்வு பெட்டிக்கடை விலையில் ஒரு பேட்டரி. பெட்டியைத் திறக்கிறபோதே தூசியையும் ஊதிவிடலாம்.

கடைசியாக, அப்டேட்டே போட முடியாத மெஷின்கள். எலக்ட்ரானிக்ஸ் லேபில் சிப்பில் நிரலை எழுதும் கருவி ஒன்று பழைய கார்டு வழியாக இணைகிறது. அந்தக் கார்டுக்கு விண்டோஸ் 7க்குப் பிறகு டிரைவர் கிடையாது. 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நிரல் பரவியபோது அடிபட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 மெஷின்கள். மார்ச் 14 அன்றே திருத்தம் வந்திருந்தும், இரண்டு மாதமாக அது அந்த மெஷின்களைப் போய்ச் சேரவில்லை. எங்கள் மெஷின்களுக்கு இனித் திருத்தம் வரவே வராது. அவற்றைத் தனி விலானில் வைத்து, வெளியே போகும் வழியை அடைத்து, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பியின் பழைய பதிப்பையும் அணைத்துவிட்டேன். ஃபைல் உள்ளே போக ஒரே வழி, ஸ்கேன் செய்யும் மெஷினில் சோதித்த பென் டிரைவ். யூஎஸ்பியில் இணையும் புதிய கருவிக்குக் கொட்டேஷன் வாங்கி ஹெச்ஓடியிடம் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை இந்த மெஷின்களின் பெயர்கள் என் பட்டியலில் சிவப்பிலேயே இருக்கும். ரிப்போர்ட்டிலும் அவற்றைச் சிவப்பாகவே அனுப்புகிறேன்.